1 இல்லையென்றால் சர்வர்: விண்டோஸ் ரகத்தை நிரலில் கண்டறிவது

சில ஆண்டுகளுக்கு முன்பு, மொத்த வியாபாரக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றுக்கு இன்ஸ்டாலர் எழுதினேன். கடையின் சர்வரில் ஓட்டினால் அது தரவுதளத்தையும் சேர்த்து நிறுவும். கல்லாவில் இருக்கும் கணினியில் ஓட்டினால் பில் போடும் திரையை மட்டும் நிறுவும். எந்தக் கணினியில் ஓடுகிறோம் என்பதை அதுவாகவே கண்டுபிடித்துக்கொள்ளும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஒரு கடையில் அந்தப் பெருமை கவிழ்ந்தது. பின்னறையில் ஒரே ஒரு சர்வர், விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. அதில் ஓட்டியபோது என் இன்ஸ்டாலர் அதைக் கல்லாக் கணினி என்று முடிவுகட்டி, திரையை மட்டும் போட்டுவிட்டு, வெற்றிகரமாக முடிந்தது என்று அறிவித்தது. "சார், சர்வர் என்று திரையிலேயே எழுதியிருக்கிறது, உங்கள் மென்பொருளுக்கு மட்டும் தெரியவில்லையா?" என்று கடைக்காரர் தொலைபேசியில் கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டு மணி நேரம் கழித்துத் தவறு என் வரி ஒன்றில் இருந்தது தெரிந்தது. விண்டோஸ் தன் ரகத்தைச் சொல்லும் எண் ஒன்று உண்டு; அந்த ரக எண் 3 என்றால் சர்வர், இல்லையென்றால் சாதாரணக் கணினி என்று எழுதியிருந்தேன். அந்தக் கணினியின் ரக எண் 2.

அந்த 2 எங்கிருந்து வந்தது என்பதற்கு முன்னால் ஒரு சொல் சிக்கலைத் தீர்த்துவிடலாம். வெர்ஷன், எடிஷன் இரண்டையும் தமிழில் பதிப்பு என்றே சொல்லிவிடுகிறோம். இங்கே அது ஆகாது. விண்டோஸைப் பற்றி நிரல் கேட்கக்கூடிய கேள்விகள் மூன்று. எத்தனையாவது விண்டோஸ் என்பது வெர்ஷன். சர்வரா, மேசைக் கணினியா என்பது ரகம். ஹோமா, ப்ரோவா, ஸ்டாண்டர்டா, டேட்டாசென்டரா என்பது எடிஷன். மூன்றுக்கும் விடை வெவ்வேறு இடத்தில் இருக்கிறது. ஒன்றை வைத்து இன்னொன்றை ஊகிக்கப் போனால்தான் வம்பு.

புதிதாக எழுதுபவர்கள் முதலில் போவது வெர்ஷன் எண்ணிடம். அது ரகத்தைச் சொல்லாது. விண்டோஸ் விஸ்டாவும் சர்வர் 2008உம் 6.0. விண்டோஸ் 7உம் சர்வர் 2008 ஆர்2உம் 6.1. விண்டோஸ் 8உம் சர்வர் 2012உம் 6.2. ஒரே மரத்தில் வெட்டிய பலகைகள் இவை. ஒன்று மேசையாயிற்று, இன்னொன்று அலமாரியாயிற்று. விண்டோஸ் 10க்குப் பிறகு நிலைமை இன்னும் மோசம். விண்டோஸ் 10, விண்டோஸ் 11, சர்வர் 2016, 2019, 2022, 2025 எல்லாமே 10.0 என்றுதான் சொல்லும். ஒவ்வொரு வெளியீட்டையும் குறிக்கும் பில்டு எண்ணைப் பார்த்தால் பிரிக்கலாமே என்று தோன்றும். சர்வர் 2022க்கு 20348 என்ற தனி எண் இருப்பது உண்மைதான். ஆனால் சர்வர் 2019இன் 17763 விண்டோஸ் 10இன் 1809 வெளியீட்டுக்கும் சொந்தம். சர்வர் 2025இன் 26100தான் விண்டோஸ் 11இன் 24எச்2 வெளியீட்டுக்கும். ஆக, அந்த வழி அடைபட்டது.

பெயரைப் படித்துப் பார்ப்பது அடுத்த ஆசை. கணினியின் முழுப்பெயரை வாங்கி, அதில் சர்வர் என்ற சொல் இருக்கிறதா என்று தேடுவது. இதையும் நான் செய்திருக்கிறேன். விண்டோஸ் சர்வர் 2008 தன் பெயரைச் சொல்லும்போது விண்டோஸ் சர்வர் என்பதற்கும் 2008க்கும் நடுவில் பதிவு பெற்ற வணிகக் குறி ஒன்றை நுழைத்துவிடும். கறுப்புக் கட்டளைத் திரையில் அந்தக் குறி ஆங்கில ஆர் எழுத்தாக மாறி, பெயர் சர்வர்ர் 2008 என்பதுபோல நிற்கும். விண்டோஸ் சர்வர் 2008 என்று முழுத் தொடரையும் தேடும் நிரலுக்கு அது கிடைக்கவே கிடைக்காது. விண்டோஸ் 11இலோ வேறு கூத்து: விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ப்ராடக்ட்நேம் என்ற இடத்தைப் படித்தால் இன்றும் விண்டோஸ் 10 ப்ரோ என்றே எழுதியிருக்கும். பெயர்ப்பலகை மனிதர்களுக்காக மாட்டியது. நிரல் அதைப் படிக்காமல் இருப்பது நல்லது.

ரகத்துக்கென்றே ஓர் எண் இருக்கிறது. விண்டோஸ் தன்னைப் பற்றிய விவரங்களை ஒரு கட்டமைப்பில், அதாவது கட்டம் கட்டமாகப் பிரித்த படிவம் போன்ற ஒன்றில், நிரப்பித் தரும். அதில் ப்ராடக்ட்டைப் என்ற புலம், அதாவது கட்டம், ஒன்று உண்டு. அதில் வரும் மதிப்புகள் மூன்று. 1 என்றால் வொர்க்ஸ்டேஷன், அதாவது ஹோம், ப்ரோ, என்டர்பிரைஸ் என்று மேசைக்கும் மடிக்கும் வரும் சாதாரண விண்டோஸ். 3 என்றால் சர்வர். இடையில் இருக்கும் 2தான் டொமைன் கன்ட்ரோலர்.

ஒரு நிறுவனத்தில் யார் யார் பயனர்கள், யாருடைய கடவுச்சொல் எது, யாருக்கு எந்த அனுமதி என்ற பேரேட்டை வைத்திருக்கும் சர்வர் அது. விண்டோஸ் சர்வரை நிறுவும்போது அதன் ரகம் 3. அதில் அந்தப் பேரேட்டு மென்பொருளான ஆக்டிவ் டைரக்டரியை நிறுவி, டொமைன் கன்ட்ரோலராகப் பதவி உயர்வு கொடுத்ததும் 2 ஆகிவிடும். பெரிய நிறுவனங்களில் இந்த வேலைக்கென்று தனிக் கணினிகள் இருக்கும். யாரும் அதில் பில்லிங் மென்பொருள் போடமாட்டார்கள். சின்ன இடங்களில் அப்படி இல்லை. பேரேடு வைப்பதும், கோப்புகளைப் பகிர்வதும், பிரின்டரைக் கவனிப்பதும் ஒரே பெட்டிதான். என் இன்ஸ்டாலர் போய் விழுந்தது அப்படியொரு பெட்டியில். சோதனைக்கு நான் வைத்திருந்த சர்வரோ பதவி உயர்வு பெறாத வெறும் 3.

ஆகவே சர்வரா என்று கேட்க வேண்டுமானால், 3தானா என்று கேட்கக் கூடாது. 1 இல்லையா என்று கேட்க வேண்டும். மைக்ரோசாஃப்டே இப்படித்தான் செய்கிறது. சி++ எழுதுபவர்களுக்காக வெர்ஷன்ஹெல்ப்பர்ஸ் என்றொரு தலைப்புக் கோப்பு இருக்கிறது. அதிலுள்ள இஸ்விண்டோஸ்சர்வர் என்ற செயல்கூற்றைத் திறந்து படித்துப் பாருங்கள், சில வரிகள்தான். ரகம் வொர்க்ஸ்டேஷனுக்குச் சமமா என்று வெரிஃபைவெர்ஷன்இன்ஃபோவிடம் கேட்டு, வந்த விடையைத் தலைகீழாக்கித் திருப்பித் தருகிறது. அவ்வளவே. அதை அன்றே படித்திருந்தால் இரண்டு மணி நேரம் மிச்சம்.

2ஐத் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டிய இடமும் உண்டு. பல மென்பொருள்கள் பின்னணியில் தங்கள் சர்வீஸ் ஓடுவதற்கென்று ஒரு உள்ளூர்ப் பயனரை உருவாக்கும். டொமைன் கன்ட்ரோலரில் உள்ளூர்ப் பயனர் என்று ஒருவர் கிடையாது. அங்கே பயனரை உருவாக்கும் அதே கட்டளையைக் கொடுத்தால், அது நிறுவனம் முழுவதற்குமான டொமைன் கணக்காகப் பிறக்கும். ஒரு பெட்டிக்குள் இருக்க வேண்டிய கணக்கு ஊர் முழுக்கச் செல்லுபடியாகும். கணினிப் பாதுகாப்பைக் கவனிப்பவர் பார்த்தால் உங்களைச் சும்மா விடமாட்டார். அப்படியொரு கணக்கை உருவாக்கும் முன் ரகம் 2ஆ என்று பார்த்து, 2 என்றால் நின்று பயனரிடம் கேட்பதே மரியாதை.

இனி, இந்த எண்ணை எப்படி வாங்குவது. விண்டோஸின் கட்டளை மொழியான பவர்ஷெல் கையில் இருந்தால் எளிது: கெட்-சிம்இன்ஸ்டன்ஸ் கட்டளையால் வின்32 ஆப்பரேட்டிங்சிஸ்டம் என்ற வகுப்பைக் கேட்டு, அதன் ப்ராடக்ட்டைப் பண்பைப் பார்த்தால் போதும், 1, 2, 3இல் ஒன்று வரும். நிறுவனக் கணினிகளுக்கு ஒரே இடத்திலிருந்து விதிகளை அனுப்பும் க்ரூப் பாலிசியில் மேசைக் கணினிகளுக்கு மட்டும் ஒரு விதியைச் செலுத்த நினைக்கும் நிர்வாகிகளும் இதே பண்பைத்தான் வடிகட்டியாக வைக்கிறார்கள். பைத்தானில் சிஸ் மாட்யூலின் கெட்விண்டோஸ்வெர்ஷன் தரும் விடையிலேயே ரக எண்ணும் இருக்கிறது. கூடுதலாக எதையும் நிறுவ வேண்டாம்.

சி அல்லது சி ஷார்ப்பிலிருந்து நேரடியாக விண்டோஸைக் கேட்பதில்தான் கால் இடறும். பழைய வழி கெட்வெர்ஷன்எக்ஸ். விண்டோஸ் 8.1 வந்தபோது அதற்கு ஒரு விசித்திரமான குணத்தைக் கொடுத்தார்கள். நான் இந்த வெர்ஷனை அறிவேன் என்று உங்கள் நிரல் தன்னைப் பற்றிய அறிவிப்பான மேனிஃபெஸ்ட் கோப்பில் சொல்லாதவரை, அது 6.2 என்றே பதில் சொல்லும், உண்மையில் எந்தப் புது விண்டோஸில் ஓடினாலும். வெர்ஷன் எண்ணைத் தப்பாக ஒப்பிட்டு, புது விண்டோஸில் ஓடவே மறுத்த நிரல்கள் அத்தனை இருந்தன. அவற்றைக் காப்பாற்றச் சொன்ன பொய் இது. பொய் வெர்ஷன் எண்ணில்தான், ரக எண்ணில் இல்லை. இருந்தாலும் வெர்ஷனும் சேர்த்து வேண்டுமென்றால் விண்டோஸோடு வரும் என்டிடிஎல்எல் நூலகத்தின் ஆர்டிஎல்கெட்வெர்ஷனைக் கேட்பது உத்தமம். அது மேனிஃபெஸ்டைப் பார்ப்பதில்லை.

அந்தச் செயல்கூற்றிடம் வெறும் கையோடு போக முடியாது. ஒரு காலிக் கட்டமைப்பைத் தர வேண்டும், அதன் முதல் புலத்தில் அந்தக் கட்டமைப்பு எத்தனை பைட் என்று நீங்களே எழுதித் தர வேண்டும். கொண்டுவந்த பாத்திரம் எவ்வளவு கொள்ளும் என்று பால்காரரிடம் முன்கூட்டியே சொல்வதுபோல. பாத்திரம் இரண்டு அளவில் உண்டு. சிறியதில் வெர்ஷன், பில்டு விவரங்கள் மட்டும் நிரம்பும். பெரியதில்தான் ரகமும் வரும். பெரியதன் அளவைக் கையால் கூட்டிப் பார்க்கலாம். தொடக்கத்தில் நான்கு பைட்டில் ஐந்து எண்கள், 20. பிறகு 128 எழுத்துக்கு இடம், எழுத்துக்கு இரண்டு பைட், 256. அதற்குப் பின் இரண்டு பைட்டில் மூன்று எண்கள், 6. கடைசியில் ரகத்துக்கு ஒரு பைட், ஒதுக்கிவைத்த ஒரு பைட். மொத்தம் 284.

ரகத்துக்கு ஒரே ஒரு பைட் என்பதைக் கவனியுங்கள். ஆவணத்தில் அந்தப் புலத்தின் பெயருக்கு முன்னால் டபிள்யூ என்ற எழுத்து நிற்கும். மைக்ரோசாஃப்டின் பழைய பெயரிடும் வழக்கப்படி டபிள்யூ என்றால் வேர்டு, அதாவது இரண்டு பைட். பெயர் இரண்டு என்கிறது, உண்மையான அளவு ஒன்று. பெயரை நம்பி சி ஷார்ப்பில் அதை இரண்டு பைட்டாக அறிவித்தால் கட்டமைப்பின் அளவு 284இலிருந்து 288 ஆகிவிடும், அளவு பொருந்தாது, பிறகு வரும் விடையை நம்ப முடியாது.

இன்னொரு பொறியும் இதே இடத்தில் இருக்கிறது. அளவைத் தவறிச் சிறிய பாத்திரத்துக்கானதாகக் கொடுத்தால் அழைப்பு வெற்றி என்றே திரும்பும். ரகப் புலம் மட்டும் தொடப்படாமல் 0 ஆக இருக்கும். அப்போது நம்முடைய "1 இல்லையென்றால் சர்வர்" என்ற விதி, வீட்டில் பிள்ளைகள் விளையாடும் மடிக்கணினியையும் சர்வர் என்று சொல்லிவிடும். அதனால் என் நிரலில் இப்போது நான்கு கிளைகள் இருக்கின்றன: 1 மேசைக் கணினி, 2 டொமைன் கன்ட்ரோலர், 3 சர்வர், வேறு எது வந்தாலும் தெரியவில்லை. அந்த நான்காவது கிளை ஓடினால் தவறு விண்டோஸில் இல்லை, என் அறிவிப்பில் இருக்கிறது என்று அர்த்தம்.

எடிஷன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விஸ்டா காலத்திலிருந்து கெட்ப்ராடக்ட்இன்ஃபோ என்ற செயல்கூறு இருக்கிறது, ஒவ்வோர் எடிஷனுக்கும் ஓர் எண் தரும். 48 என்றால் ப்ரோ, 7 என்றால் சர்வர் ஸ்டாண்டர்டு, 8 என்றால் டேட்டாசென்டர். பட்டியல் நீளம், புது எடிஷன் வரும்போதெல்லாம் வளரும். உரிமம் சரிபார்ப்பதுபோன்ற வேலை இல்லையென்றால் அதன் பக்கம் போக வேண்டாம் என்பதே என் கருத்து.

இந்த ரக எண் வெறும் முத்திரைதானா, உள்ளே உண்மையிலேயே வேறுபாடு இருக்கிறதா என்று யாருக்கும் சந்தேகம் வரும். 1996இல் அது பெரிய சண்டையாகவே நடந்தது. விண்டோஸ் என்டி 4.0 அந்த ஆண்டு வெளிவந்தது, வொர்க்ஸ்டேஷன் என்றும் சர்வர் என்றும் இரண்டு பெட்டிகளாக. சர்வர் பெட்டிக்கு விலை கூடுதல்; வொர்க்ஸ்டேஷனை இணையச் சர்வராகப் பயன்படுத்த உரிமத்தில் கட்டுப்பாடு. இரண்டும் வெவ்வேறு வேலைகளுக்காகச் செய்தவை என்று நிறுவனம் சொல்லிவந்தது. விண்டோஸின் உட்புறத்தை ஆராய்ந்துவந்த ஆண்ட்ரூ ஷுல்மன், மார்க் ருசினோவிச் இருவரும் உள்ளே புகுந்து பார்த்தார்கள். இரண்டிலும் இருந்த கெர்னல், அதாவது விண்டோஸின் மையப் பகுதி, ஒன்றேதான். கணினி தொடங்கும்போது ரெஜிஸ்ட்ரியில் ப்ராடக்ட்ஆப்ஷன்ஸ் என்ற இடத்திலிருக்கும் ரகத்தைப் படித்து, அதற்கேற்பத் தன் நடத்தையை மாற்றிக்கொண்டது. அந்த மதிப்பை யாராவது கையால் மாற்றினால், அதைக் காவல் காக்கவென்றே ஓடிய ஒரு திரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை இழை) எச்சரித்து, பழையபடி திருப்பி எழுதியது. இந்த ருசினோவிச்சின் நிறுவனத்தைத்தான் 2006இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. பின்னாளில் அவர் அங்கேயே அதன் மேகக்கணினிச் சேவையான அஷூரின் தலைமைத் தொழில்நுட்ப அலுவலர் ஆனார்.

அந்த இடம் இன்றும் ரெஜிஸ்ட்ரியில் இருக்கிறது. திறந்து பார்த்தால் மேசைக் கணினியில் வின்என்டி, சர்வரில் சர்வர்என்டி, டொமைன் கன்ட்ரோலரில் லேன்மேன்என்டி என்று எழுதியிருக்கும். மூன்றாவது, 1980களின் லேன் மேனேஜர் என்ற தயாரிப்பின் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது. பார்க்கலாம், படிக்கலாம், மாற்றிப் பார்க்கும் விளையாட்டு வேண்டாம்.

முத்திரை ஒன்றுதான், ஆனால் அதன் விளைவு கெர்னல் வரை போகிறது. ஒரு திரெட்டுக்கு பிராசஸர் ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மேசை விண்டோஸில் இயல்பாக 2 கடிகாரத் துடிப்பு, சர்வரில் 12. சுட்டியை அசைத்ததும் திரை உடனே அசைய வேண்டும் என்பதால் மேசையில் அடிக்கடி மாறுகிறது; தொடங்கிய வேலை இடையூறின்றி முடிய வேண்டும் என்பதால் சர்வரில் நீண்ட நேரம் தருகிறது.

நிரல் எழுதுபவருக்கு இதைவிட முக்கியம், சர்வரில் சில வசதிகள் இல்லாமலேயே இருப்பது. எந்த ஆன்டிவைரஸ் ஓடுகிறது என்று கேட்கும் செக்யூரிட்டிசென்டர்2 என்ற பகுதி, விண்டோஸிடம் விவரம் கேட்கும் வசதியான டபிள்யூஎம்ஐயில், மேசை விண்டோஸில் உண்டு, சர்வரில் கிடையாது. மேசைக் கணினியில் அழகாக ஓடிய வரி சர்வரில் பிழை காட்டி நிற்கும். இதற்கு ரகத்தைக் கேட்டு இரண்டு வழியாகப் பிரிக்கலாம். அதைவிட அந்தப் பகுதி இருக்கிறதா என்று அதையே கேட்பது மேல். ஏன் என்பதற்கு அஷூர் வர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் ஓடும் விண்டோஸ் என்டர்பிரைஸ் மல்டி-செஷன் நல்ல சாட்சி. பலர் ஒரே நேரத்தில் நுழைந்து வேலை செய்யும் விண்டோஸ் 10, 11 அது. பார்வைக்கும் பழக்கத்துக்கும் மேசை விண்டோஸ்தான். ஆனால் அதன் ரக எண் 3. ரிமோட் டெஸ்க்டாப் சர்வர்களை நிர்வகிக்கும் பழைய கருவிகள் உடையாமல் ஓட வேண்டும் என்பதற்காக மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றே அப்படி வைத்தது. விளைவு, சர்வரில் நிறுவ மாட்டேன் என்று அடம்பிடிக்கும் இன்ஸ்டாலர்கள் அங்கேயும் அடம்பிடித்தன. ரக எண் பொய் சொல்லவில்லை. அது சொன்னதிலிருந்து இன்ஸ்டாலர்கள் எடுத்துக்கொண்ட முடிவுதான் தவறு.

லினக்ஸ் பக்கம் இந்தக் கேள்விக்கே பொருள் குறைவு. உபுண்டுவின் சர்வர் வட்டிலிருந்து நிறுவினாலும் டெஸ்க்டாப் வட்டிலிருந்து நிறுவினாலும் தன் பெயரையும் வெர்ஷனையும் சொல்லும் ஓஎஸ்-ரிலீஸ் கோப்பு ஒன்றுதான். வேறுபாடு எந்தெந்தப் பொதிகள் இருக்கின்றன என்பதில். ஃபெடோராவோ அந்தக் கோப்பில் வேரியன்ட் ஐடி என்ற வரியில் சர்வர், வொர்க்ஸ்டேஷன் என்று எழுதிவைக்கிறது.

விண்டோஸில் சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்குச் செலவில்லை. விண்டோஸ் சர்வரின் 180 நாள் மதிப்பீட்டு நகலை மைக்ரோசாஃப்ட் இலவசமாகவே தருகிறது. மெய்நிகர்க் கணினியில் இரண்டு சர்வர்கள் போட்டு, ஒன்றை டொமைன் கன்ட்ரோலராக உயர்த்துங்கள். உங்கள் மடிக்கணினியையும் சேர்த்தால் 1, 2, 3 மூன்றும் கைவசம்.

என் பில்லிங் இன்ஸ்டாலரில் அந்த வரியை அன்றே திருத்திவிட்டேன். அடுத்த மாதமே இன்னொரு கடைக்காரர் அழைத்தார். அவரிடம் சர்வரே இல்லை. மூலையில் இருக்கும் ஒரு விண்டோஸ் 10 கணினியில் தரவுதளத்தைப் போட வேண்டும், இன்ஸ்டாலர் விடமாட்டேன் என்கிறது என்றார். அதன் ரக எண் 1, கண்டறிந்ததும் சரி. இப்போது அந்த இன்ஸ்டாலரின் இரண்டாம் திரையில், தரவுதளத்தையும் இந்தக் கணினியில் நிறுவவா என்று ஒரு கட்டம் இருக்கிறது. சர்வர் என்று தெரிந்தால் முன்கூட்டியே குறியிட்டு வைக்கும். வேண்டாமென்றால் கடைக்காரர் எடுத்துவிடலாம், வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளலாம்.